ஆறு வரிகள் பிறந்த கதை

1790ஆம் ஆண்டு மூன்றாம் மைசூர்ப் போர் மூண்டது. திப்பு சுல்தானின் வீரர்கள் காத்துவந்த திண்டுக்கல் மலைக்கோட்டையைக் கம்பெனிப் படை முற்றுகையிட்டுப் பிடித்தது. 1792இல் கையெழுத்தான ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை, கோட்டையோடு சேர்த்துச் சுற்றியிருந்த சமவெளியையும் ஆங்கிலேயர் வசம் ஒப்படைத்தது. இந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் நடுவே, 1791இல், இத்தாலியின் பொலோன்யா நகரத்தில் ஒரு நூல் வெளிவந்தது. எழுதியவர் லூயிஜி கால்வானி என்ற உடற்கூறியல் பேராசிரியர். ஐரோப்பாவின் அறிஞர்கள் அத்தனை பேரையும் அந்த நூல் பேசவைத்தது. அதன் கதாநாயகன் செத்துப்போன ஒரு தவளை.

சம்பவம் நடந்தது நூல் வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு. கால்வானியின் மேஜைமேல் தோலுரித்த தவளைக் கால்கள் கிடந்தன. அதே மேஜையில், உராய்வால் மின்சாரம் உண்டாக்கும் பொறி ஒன்றும் இருந்தது. உதவியாளர் ஒருவர் கத்தி முனையால் தவளையின் நரம்பைத் தொட்டார். அதே நொடியில் பொறியிலிருந்து நெருப்புப் பொறி தெறித்தது. செத்த தவளையின் கால் வெடுக்கென்று உதைத்தது! கால்வானி விடவில்லை. மறுபடி மறுபடி செய்து பார்த்தார். இடி மின்னல் அடிக்கும் நாளில் தவளைக் கால்களை வெளியே கட்டித் தொங்கவிட்டும் பார்த்தார். உயிரினத்தின் உடலுக்குள்ளேயே மின்சாரம் இருக்கிறது என்று முடிவுகட்டினார்.

பாவியா பல்கலைக்கழகத்தின் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா அதை ஏற்கவில்லை. மின்சாரம் தவளையிலிருந்து வரவில்லை, அதைத் தொட்ட இரண்டு வெவ்வேறு உலோகங்களிலிருந்து வருகிறது என்று வாதாடினார். தன் கட்சியை நிலைநாட்ட உலோகத் தகடுகளை அடுக்கிக்கொண்டே போனவர், 1800இல் உலகத்தின் முதல் பேட்டரியைச் செய்துவிட்டார். அதைப் பார்க்கக் கால்வானி உயிரோடு இல்லை. நெப்போலியன் அமைத்த புதிய அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்துப் பதவியை இழந்த அவர், 1798இல் கண்மூடியிருந்தார். இருவர் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது என்பது பின்னாளில்தான் தெரிந்தது. நரம்பில் மின்சாரம் ஓடுவது நிஜம். அந்த மின்சாரம் போய்ச் சேரும் மூளைக்கும் மனிதனின் குணத்துக்கும் என்ன உறவு? அந்தக் கேள்வியை எழுப்ப ஒரு வெடிவிபத்து தேவைப்பட்டது.

1848 செப்டம்பர் 13. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில் பாதைக்காகப் பாறைகளைத் தகர்த்துக்கொண்டிருந்தார்கள். வேலையாட்களின் மேஸ்திரி ஃபினியஸ் கேஜுக்கு வயது 25. பாறைத் துளையில் கொட்டிய வெடிமருந்தை இரும்புக் கம்பியால் அவர் கெட்டித்துக்கொண்டிருந்தபோது மருந்து பற்றிக்கொண்டது. மூன்றரை அடி நீளமும் ஆறு கிலோ எடையும் கொண்ட அந்தக் கம்பி, இடது கன்னத்தின் வழியாக ஏறி, மண்டையின் உச்சியைப் பிளந்துகொண்டு வெளியே பறந்தது. கேஜ் சாகவில்லை. சில நிமிடங்களில் பேசினார். மாட்டு வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே விடுதிக்கு வந்து சேர்ந்தார்.

டாக்டர் ஜான் ஹார்லோவின் கவனிப்பில் காயம் ஆறியது. இடது கண் பார்வை போனதைத் தவிர நடை, பேச்சு, நினைவு எல்லாம் கேஜுக்குத் திரும்பின. பொறுப்பும் நிதானமுமாக இருந்த பழைய மேஸ்திரி மட்டும் திரும்பவில்லை. வாயைத் திறந்தால் வசவு. எடுத்த காரியத்தை அடுத்த கணமே கைவிடும் சபலம். ஆள் மாறிவிட்டார் என்றார்கள் கூடப் பழகியவர்கள். ஹார்லோ 1868இல் முழு விவரத்தையும் எழுதி வெளியிட்டார். மனிதனின் குணத்துக்கும் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைக்கும் தொடர்பு உண்டு என்ற எண்ணம் வலுத்தது. மூளையை அறுத்துப் பார்த்தால் விடை கிடைக்கும் என்று பலர் முயன்றார்கள். அப்போதைய நுண்ணோக்கியில் தெரிந்ததோ, தலையும் வாலும் புரியாத ஒரு கூழ்.

அந்தக் கூழுக்குள் உருவத்தைக் காட்டியவர் ஒரு சமையலறையில் இருந்தார். பாவியாவில் ஆராய்ச்சி செய்துவந்த காமில்லோ கோல்ஜி, வருமானம் போதாமல் 1872இல் அபியாத்தேகிராஸோ என்ற சிற்றூரில் தீராத நோயாளிகளுக்கான மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஆய்வகம் கிடையாது. தன் குடியிருப்பின் சமையலறையையே ஆய்வகமாக்கிக்கொண்டார். பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறி இறுகிய மூளைத் துண்டைச் சில்வர் நைட்ரேட் கரைசலில் போட்டு, மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் வைத்தார். மஞ்சள் பின்னணியில் கறுகறுவென்று ஒரு நரம்புச் செல், தன் கிளைகளோடும் நீண்ட இழையோடும் முழுசாகத் தெரிந்தது. நூற்றில் சில செல்களே கறுத்தன என்பதுதான் அவருடைய அதிர்ஷ்டம். எல்லாம் கறுத்திருந்தால் ஒன்றுமே பிரித்தறிய முடிந்திருக்காது. சில மட்டும் ஏன் கறுக்கின்றன என்பதற்கு முழுமையான விளக்கம் இன்றும் இல்லை. 1873இல் கோல்ஜி இதை வெளியிட்டார். 1875 வாக்கில் திருச்சியிலிருந்து மதுரைக்குத் திண்டுக்கல் வழியாக ரயிலே ஓட ஆரம்பித்துவிட்டது. கோல்ஜியின் கறுப்புச் செல்லோ பல ஆண்டுகளாக இத்தாலியைவிட்டு நகரவே இல்லை. அதை நகர்த்த, ஓவியனாக ஆசைப்பட்டு உதைபட்ட ஒரு பையன் வர வேண்டியிருந்தது.

ஸ்பெயின் நாட்டுப் பையன் சாண்டியாகோ ரமோன் இ கஹாலுக்குப் படம் வரைவதுதான் உயிர். டாக்டரான அப்பாவுக்கோ ஓவியம் என்றாலே ஆகாது. அடங்காத மகனைச் சவரக் கடையிலும் செருப்புத் தைப்பவரிடமும் வேலை பழகவிட்டார். கடைசியில் எலும்புகளை வரையச் சொல்லித்தான் அவனை மருத்துவத்துக்குள் இழுத்தார். 1887இல் மாட்ரிட் போயிருந்த கஹால், லூயிஸ் சிமார்ரோ என்ற டாக்டரின் வீட்டில் கோல்ஜி முறையில் தயாரித்த ஒரு சீவலைப் பார்த்துப் பிரமித்துப்போனார். வளர்ந்த மூளையில் கிளைகள் பின்னிப் பிணைந்து குழப்பின. எனவே முட்டைக்குள் வளரும் குஞ்சின் மூளையைக் கையில் எடுத்தார். வரையத் தெரிந்த கண், மற்றவர்கள் தவறவிட்டதைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு நரம்புச் செல்லும் தனித்தனி ஆள். ஒன்றோடொன்று ஒட்டாமல் நெருங்கி மட்டுமே நிற்கின்றன!

1888இல் கஹால் கைக்காசைப் போட்டுச் சொந்தமாகவே ஒரு பத்திரிகை தொடங்கினார். அச்சானவை 60 பிரதிகள். யாரும் சட்டை செய்யவில்லை. மறு ஆண்டு, தன் நுண்ணோக்கிச் சீவல்களைத் தூக்கிக்கொண்டு பெர்லினில் நடந்த உடற்கூறியல் மாநாட்டுக்கே போய் நின்றார். அங்கே மதிப்பு மிக்க முதியவர் ஆல்பர்ட் ஃபான் கோலிக்கர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது கஹால் பக்கம் சாய்ந்திருந்தார். 1906இல் கஹாலுக்கும் கோல்ஜிக்கும் நோபல் பரிசு பகிர்ந்து கிடைத்தது. ஸ்டாக்ஹோமில் முதலில் பேசிய கோல்ஜி, செல்கள் தனித்தனி என்ற கொள்கையைத் தாக்கியே உரையாற்றினார். மூளை ஒரே வலை என்பது அவர் கட்சி. மறுநாள் கஹால் எழுந்து தன் தரப்பைச் சொன்னார். காலம் கஹால் பக்கம் நின்றது. ஆனால் செல்கள் ஒன்றையொன்று தொடவில்லை என்றால், நடுவில் இருக்கும் இடைவெளியைச் செய்தி எப்படித் தாண்டுகிறது?

திண்டுக்கல் வட்டாரத்துப் புகையிலை அந்தக் காலத்தில் சுருட்டாக உருண்டு கொண்டிருந்தது. ஸ்பென்சர் கம்பெனி அந்த ஊரில் சுருட்டுத் தொழிற்சாலையே நடத்தியது. அந்தப் புகையிலையில் இருக்கும் நிக்கோட்டினை வைத்துத்தான் கேம்பிரிட்ஜில் ஜான் நியூபோர்ட் லாங்லி என்பவர் இடைவெளியின் மர்மத்தைத் தொட்டார். 1905இல் அவர் சொன்னது இது: நரம்பைத் துண்டித்த பிறகும் நிக்கோட்டின் பட்டால் கோழியின் தசை சுருங்குகிறது, குராரே என்ற நஞ்சைக் கொடுத்தால் அந்தச் சுருக்கம் நின்றுபோகிறது. அப்படியானால் தசையின்மேலேயே இவற்றை ஏற்கும் ஏதோ ஒன்று இருக்க வேண்டும். திண்டுக்கல் பூட்டுப் பட்டறையில் உட்கார்ந்திருப்பவருக்கு இதை விளக்கவே தேவையில்லை. பல் பொருந்தினால் பூட்டு திறக்கும். கள்ளச்சாவி பொருந்தினாலும் திறக்கும். உள்ளே நுழைந்து திரும்பாமல் நிற்கும் சாவியோ, நல்ல சாவிக்கும் வழிவிடாது. நிக்கோட்டின் அந்தக் கள்ளச்சாவி. குராரே வழிமறிக்கும் சாவி. உடம்பே செய்துகொள்ளும் அசல் சாவி எது என்பது ஒரு கனவில் வந்தது.

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்தில் பேராசிரியராக இருந்த ஓட்டோ லேவி, ஈஸ்டரை ஒட்டிய ஓர் இரவில் திடுக்கிட்டு விழித்தார். கனவில் ஒரு சோதனை வந்திருந்தது. கைக்கு அகப்பட்ட காகிதத்தில் கிறுக்கிவிட்டுப் படுத்தார். காலையில் எடுத்துப் பார்த்தால் ஓர் எழுத்துகூடப் புரியவில்லை. நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டும் கனவு நினைவுக்கு வரவில்லை. அடுத்த இரவு மூன்று மணிக்கு அதே கனவு மறுபடி வந்தது! இந்த முறை அவர் காகிதத்தைத் தேடவில்லை. நேராக ஆய்வகத்துக்கு ஓடினார். துடிக்கும் இரண்டு தவளை இதயங்களை எடுத்துக்கொண்டார். முதல் இதயத்தின் நரம்பைத் தூண்டினார். துடிப்பு தளர்ந்தது. அந்த இதயத்தைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். அதுவும் தளர்ந்தது. இடைவெளியைத் தாண்டுவது ஒரு வேதிப்பொருள்தான். 1921இல் இது வெளியானது. அது அசிட்டைல்கோலின் என்று பின்னர் உறுதியானது. ஹென்றி டேலோடு 1936இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட லேவியை, 1938இல் நாஜிகள் சிறையில் தள்ளிப் பரிசுப் பணத்தைப் பிடுங்கிக்கொண்டுதான் நாட்டைவிட்டு விட்டார்கள்.

அதே காலத்தில் ஜெர்மனியின் யேனா நகரத்தில் ஹான்ஸ் பெர்கர் என்ற மனநல மருத்துவர் யாரிடமும் சொல்லாமல் ஒரு வேலை செய்துகொண்டிருந்தார். இளம் வயதில் ராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டிச் சக்கரத்தில் நசுங்காமல் மயிரிழையில் தப்பியவர் அவர். அன்று மாலையே வீட்டிலிருந்து நலம் விசாரித்துத் தந்தி வந்தது. தம்பிக்கு ஏதோ ஆபத்து என்று அக்காவுக்கு மனசில் பட்டதாம். ஒரு மனம் இன்னொரு மனத்துக்குச் சேதி அனுப்புகிறது என்று நம்பிய பெர்கர், அந்தச் சக்தியைத் தேடியே மூளை ஆராய்ச்சிக்கு வந்தார். அந்தச் சக்தி அவருக்குக் கிடைக்கவே இல்லை. 1924இல் மனித மண்டையிலிருந்து அவர் பதிவுசெய்தது, மூளையின் மின் அலை. ஐந்தாண்டுகள் தயங்கி 1929இல் வெளியிட்டார். தவறான நம்பிக்கை இ.இ.ஜி. என்ற சரியான கருவியைத் தந்தது. ஆனால் அந்த அலையை உண்டாக்கும் ஒற்றை நரம்புக்குள் மின்சாரம் எப்படிப் பிறக்கிறது என்பதை அளக்க, ஊசி நுழையும் அளவுக்குப் பருத்த நரம்பு எங்கே கிடைக்கும்?

கடலில் கிடைத்தது. கணவாய்க்கு அரை மில்லிமீட்டருக்கும் மேல் தடித்த நரம்பு இழை இருப்பதை 1936இல் ஜே.இசட். யங் எடுத்துக்காட்டினார். 1939 கோடையில் இங்கிலாந்தின் பிளிமத் கடற்கரை ஆய்வகத்தில் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் அந்த இழைக்குள் மின்முனையைச் செலுத்தி, நரம்புத் துடிப்பை முதன்முதலாக உள்ளிருந்தே பதிவுசெய்தார்கள். இன்னும் சில வாரங்கள் கிடைத்திருந்தால் போதும். ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்தது. இருவரும் சாமான்களைக் கட்டிக்கொண்டு போர்க்கால வேலைக்குப் போனார்கள்.

போர் முடிவதற்கு முன்பே கதையின் இன்னோர் இழை தமிழ்நாட்டை நோக்கி நகரத் தொடங்கியிருந்தது. கனடாவின் மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டு 1934இல் ஒரு நரம்பியல் நிலையம் திறந்திருந்தார். அறுவை மருத்துவரும், மின் அலை பதிவுசெய்பவரும், உளவியல் அறிஞரும் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தது அன்று புதுமை. கோட்டயத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஜேக்கப் சாண்டி, பஹ்ரைனின் மிஷன் மருத்துவமனையில் வேலை பார்த்தபோது அங்கிருந்த டாக்டர் பால் ஹாரிசனின் தூண்டுதலால் இந்தத் துறைக்குத் திரும்பினார். மான்ட்ரியலில் பென்ஃபீல்டிடம் பயின்றார். 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே, சீர்காழியில் பிறந்த பி. ராமமூர்த்தி சென்னை பொது மருத்துவமனையில் அதே துறையைத் தொடங்கினார். 1951இல் இவர்கள் இருவரும் எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோரோடு சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினார்கள். சாண்டி அறுவை அறையோடு நின்றுவிடவில்லை. மூளை நோயைப் புரிந்துகொள்ள வேதியியல்காரர் ஒருவர் தன் துறைக்குள்ளேயே வேண்டும் என்றார். அன்றைக்கு அது பலருக்கு விசித்திரமாகப் பட்டது.

இதற்கிடையே கேம்பிரிட்ஜில் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் விட்ட இடத்தில் தொடங்கியிருந்தார்கள். நரம்புத் துடிப்புக்கான சமன்பாடுகள் தயார். கணக்கைப் போட்டுப் பார்க்கலாம் என்றபோது, பல்கலைக்கழகத்தின் ஒரே கம்ப்யூட்டர் மாற்றியமைப்பு வேலைக்காக ஆறு மாதம் மூடிக் கிடந்தது. ஹக்ஸ்லி காத்திருக்கவில்லை. கைப்பிடியைச் சுற்றி இயக்கும் பிரன்ஸ்விகா கணக்கு எந்திரத்தின் முன் உட்கார்ந்தார். நரம்பில் ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குள் நடந்து முடிவதைக் கணக்கில் கொண்டுவர அவருக்கு நாள்கணக்கில் கைப்பிடியைச் சுற்ற வேண்டியிருந்தது. காகிதத்தில் எழுந்த வளைகோடு, கணவாயிடம் பதிவான வளைகோட்டோடு பொருந்தியது. 1952இல் வெளிவந்த அந்த ஆய்வுகளுக்கு 1963இல் நோபல் கிடைத்தது. நரம்பு கணக்குக்குக் கட்டுப்பட்டது. நினைவு எதற்குக் கட்டுப்படும்?

1953இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் 27 வயது ஹென்றி மொலைசனுக்கு வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை நடந்தது. இருபுறமும் ஹிப்போகாம்பஸ் பகுதி அகற்றப்பட்டது. வலிப்பு குறைந்தது. புதிதாக எதையும் நினைவில் வைக்கும் திறன் அடியோடு போனது. இப்போது பேசிவிட்டுப் போனவர் திரும்பி வந்தால், அவருக்கு அது புது ஆள். பென்ஃபீல்டின் மான்ட்ரியல் நிலையத்திலிருந்து பிரெண்டா மில்னர் என்ற உளவியல் அறிஞர் ரயிலேறி வந்து அவரைச் சோதித்தார். கண்ணாடியில் பார்த்தபடியே நட்சத்திரம் ஒன்றை வரையச் சொன்னார். நாளுக்கு நாள் கை தேறியது. ஆனால் ஒவ்வொரு நாளும் மொலைசனுக்கு அது முதல் முறை. நினைவு ஒன்றல்ல, பலவகை என்பதைக் கத்தியோ நுண்ணோக்கியோ சொல்லவில்லை. பென்சிலும் பொறுமையும் கொண்ட ஓர் உளவியல் சோதனை சொன்னது. மொலைசனின் நினைவிழப்பை விவரித்த ஆய்வுக் கட்டுரை 1957இல் வெளியானது.

அதே 1957இல் சாண்டியின் விசித்திர விருப்பம் நிறைவேறியது. பிமல் குமார் பச்சாவத் என்ற உயிர்வேதியியல் அறிஞர் வேலூருக்கு வந்து நரம்பு வேதியியல் ஆய்வகம் அமைத்தார். நடந்துகொண்டிருந்த குழந்தை மெல்ல மெல்ல நடையையும் பேச்சையும் இழக்கும் கொடிய நோய் ஒன்று உண்டு. மூளையின் வெள்ளைப் பகுதியில் கந்தகம் கலந்த ஒரு கொழுப்பு தேங்கி நரம்பின் உறையை அழிக்கும். அந்தக் கொழுப்பை உடைக்க வேண்டிய ஆரைல்சல்ஃபடேஸ் ஏ என்ற நொதி அந்தக் குழந்தைகளிடம் இல்லை என்பதை, அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆஸ்டினோடு சேர்ந்து 1963இல் உலகுக்குச் சொன்னவர்கள் பச்சாவத்தும் அவருடைய வேலூர்க் குழுவினரும். மருத்துவமனைக் கட்டிலும் சோதனைக் குழாயும் அடுத்தடுத்த அறைகளில் இருந்ததற்குக் கிடைத்த பலன் அது.

1958இல், பால்டிமோரில், ஒரு பூனையின் முன் இன்னொரு விபத்து காத்திருந்தது. டேவிட் ஹியூபலும் டார்ஸ்டன் வீசலும் பூனையின் பார்வைப் புறணியில் ஒரு செல்லுக்குப் பக்கத்தில் மின்முனையை வைத்துக்கொண்டு, கண்ணாடிச் சில்லில் கறுப்புப் புள்ளியைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தார்கள். மணிக்கணக்கில் செல் வாயே திறக்கவில்லை. சில்லை மாற்றிச் செருகியபோது திடீரென்று ஒலிபெருக்கி படபடவென்று வெடித்தது. புள்ளிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சில்லின் விளிம்பு திரையில் ஒரு மெல்லிய கோட்டு நிழலாக ஊர்ந்திருந்தது. அந்தச் செல் தேடியது ஒரு குறிப்பிட்ட சாய்வில் நகரும் கோட்டை! எந்தப் பாடநூலும் சொல்லாத இதை, கருவியின் முன்னால் இரவும் பகலும் கிடந்தவர்களால்தான் பிடிக்க முடிந்தது. 1981இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது. ஆனால் அதற்கு வெகு முன்பே ஒரு சிக்கல் பெரிதாகியிருந்தது.

மூளையைப் பற்றித் தெரிந்தவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியவில்லை. இயற்பியல்காரர் ஒரு கட்டடம், வேதியியல்காரர் ஒரு கட்டடம், உளவியல்காரர் வேறு வளாகம். எம்ஐடியின் ஃபிரான்சிஸ் ஷ்மிட் 1962இல் இவர்களை ஒரே மேஜையில் உட்காரவைக்க ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1966இல் ஹார்வர்டில் ஸ்டீஃபன் கஃப்ளர் உடலியங்கியல், வேதியியல், உடற்கூறியல் ஆட்களைச் சேர்த்து நரம்பு உயிரியலுக்கென்றே தனித் துறை அமைத்தார். 1969இல் அமெரிக்காவில் நரம்பறிவியல் சங்கம் பிறந்தது. 1971இல் வாஷிங்டனில் நடந்த அதன் முதல் ஆண்டுக் கூட்டத்துக்குச் சுமார் 1,400 பேர் வந்தார்கள். பெரியவர்கள் ஒருவழியாக ஒன்றுகூடிவிட்டார்கள். அடுத்த தலைமுறையும் தனித்தனிக் கட்டடங்களில் படித்து, நாற்பது வயதில்தான் ஒருவரையொருவர் சந்திக்க வேண்டுமா?

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி வேண்டாம் என்றது. 1973இல் அது நரம்பறிவியலை இளநிலைப் பட்டத்துக்குரிய முதன்மைப் பாடமாக்கியது. அமெரிக்காவில் அப்படி வந்தவற்றில் முன்னோடி அது. புதிய பட்டத்துக்குப் பாடத்திட்டம் வகுக்க உட்கார்ந்தவர்களுக்கு முன்னால் இருநூறு ஆண்டு விபத்துகள் வரிசைகட்டி நின்றன. அங்கும், பின்தொடர்ந்த மற்றக் கல்லூரிகளிலும் உருவான பட்டியல் கிட்டத்தட்ட ஒன்றேதான். கல்லூரிக் கையேட்டில் மாணவர்கள் அரை நிமிடத்தில் புரட்டிவிட்டுப் போகும் அந்த ஆறு வரிகள்: உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதமும் புள்ளியியலும், உளவியல், ஆய்வகப் பயிற்சி.

பார்ப்பதற்கு அலுவலகச் சம்பிரதாயம்போல இருக்கும் இந்தப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் ஓர் ஆள் விலை கொடுத்திருக்கிறார். இயற்பியல் கால்வானியின் தவளையும் பெர்கரின் குதிரையும் எழுதிய வரி. வேதியியல் கோல்ஜியின் சமையலறையும் லேவியின் கனவும் பச்சாவத்தின் வேலூர் ஆய்வகமும் எழுதியது. உயிரியலைக் கஹாலின் வரையும் கை எழுதியது. கணிதம், ஹக்ஸ்லி சுற்றிய கைப்பிடி. உளவியல், கேஜின் மாறிப்போன குணமும் மில்னரின் நட்சத்திரமும். ஆய்வகப் பயிற்சி, ஒரு கண்ணாடிச் சில்லின் விளிம்பு. எந்த ஒரு துறைக்காரரும் தனியாக மூளையைத் திறக்கவில்லை. பக்கத்துத் துறையின் சாமானைக் கடன் வாங்கியவர்களுக்கே அது திறந்தது.

ஆம்ஹர்ஸ்டில் பட்டம் பிறந்த அதே 1973இல், சென்னையில் மருத்துவ மாணவராக இருந்த வி.எஸ். ராமச்சந்திரன் நண்பர்களோடு சேர்ந்து எழுதிய கட்டுரை ‘நேச்சர்’ இதழில் வந்தது. இரண்டு கண்களும் சேர்ந்து ஆழத்தை எப்படி அறிகின்றன என்பது அதன் பொருள். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜில் ஆய்வுசெய்து, கை இழந்தவர்களின் மாய வலியை ஒரு சாதாரண நிலைக்கண்ணாடிப் பெட்டியால் தணித்துக்காட்டிப் பின்னாளில் உலகப் புகழ் பெற்றவர் அவர். இந்தியாவில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் மானேசரில் வந்தது 1999இல். சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2022இல் தொடங்கி, கருவில் வளரும் மனித மூளையின் 5,132 சீவல்களைச் செல் அளவுக்குத் துல்லியமான டிஜிட்டல் வரைபடமாக 2024இல் உலகத்துக்கே திறந்துவைத்தது. அந்தச் சீவல்களுக்குப் பின்னால் மருத்துவரும் பொறியாளரும் கணினிக்காரரும் தோளோடு தோள் நின்றார்கள். ஆனாலும் நம் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலோர் விலங்கியலிலோ உயிர்வேதியியலிலோ உளவியலிலோ இளநிலை முடித்து, அதன் பிறகே இந்தத் துறையின் வாசலுக்கு வருகிறார்கள். தமிழ்நாட்டின் துணை மருத்துவப் படிப்புகளில் பி.எஸ்சி. நியூரோ எலக்ட்ரோ பிசியாலஜி உண்டு. பெர்கரின் அலையைப் பதிவுசெய்யும் கைகளை அது உருவாக்குகிறது. ஆறு வரிகளையும் ஒன்றாகக் கற்றுத்தரும் பட்டம் நம் பக்கத்தில் இன்னும் அரிது.

திண்டுக்கல் சமவெளியில் தடை அதற்கும் முன்னாலேயே விழுந்துவிடுகிறது. வேடசந்தூரிலும் நிலக்கோட்டையிலும் ஒட்டன்சத்திரத்திலும் பத்தாம் வகுப்பு முடிந்த கையோடு வரும் கேள்வி, எந்த குரூப் என்பது. டாக்டர் கனவு இருந்தால் பியூர் சயின்ஸ், கணக்கு போய்விடும். இன்ஜினீயரிங் என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ், உயிரியல் போய்விடும். இரண்டும் சேர்ந்த முதல் குரூப்பைப் பாரம் என்று பயந்து பலர் ஒதுங்குகிறார்கள். உளவியலைப் பெரும்பாலான பள்ளிகள் நடத்துவதே இல்லை. பதினைந்து வயதில் ஆறு வரிகளில் இரண்டு அடித்தல் விழுந்துவிடுகிறது.

இந்த ஊரிலேயே அதற்கு மாற்றும் இருக்கிறது. சௌந்தரம் அம்மாவும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமத்தில், 1956இல் பிறந்த கிராமிய நிறுவனம் இன்று பல்கலைக்கழக அந்தஸ்தோடு அறிவியலும் கணிதமும் கற்றுத்தருகிறது. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று. சாண்டி 1949இல் வேலூருக்கு வந்தபோது இந்த அளவுக்குக்கூட அவர் கையில் இல்லை. அவர் செய்தது, வெவ்வேறு படிப்புக்காரர்களை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்ததுதான். திண்டுக்கல்லில் கூரைகள் வந்துவிட்டன. கணக்கை விடாத உயிரியல் மாணவியையும், உயிரியலை விடாத கணக்கு மாணவனையும் பள்ளியிலேயே காப்பாற்றிக் கொடுத்தால், ஏழாவது வரியை எழுதும் ஆள் இந்தச் சமவெளியிலிருந்தே வரலாம்.